மணிமுத்தாறு பிறக்கும் மலை

விடுமுறை நெருங்கும்போதே நம் இல்லங்களில் ஒரு கேள்வி எழுந்துவிடுகின்றது: "இந்த முறை எங்கே போகலாம்?" விடையும் பெரும்பாலும் முன்னரே ஆயத்தமாயிருக்கும். திருத்தலம் என்றால் வேளாங்கண்ணி. மலை என்றால் ஏற்காடு, உதகை, கொடைக்கானல். இவற்றுள் எதையும் குறைகூற வேண்டியதில்லை. ஆயினும், ஆண்டு முழுதும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் விடுதி வாடகைக்கே போய்விட, நெரிசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு களைத்துத் திரும்பும் குடும்பங்களைக் காணும்போது, நம் ஊர்களைச் சுற்றியுள்ள நாட்டை நம் பிள்ளைகளுக்கு எப்போது காட்டப் போகின்றோம் என்ற எண்ணம் எழாமலில்லை.

அவ்வெண்ணத்தின் பயனாகப் பொங்கல் விடுமுறையொன்றில் இரண்டு குடும்பத்தார், பாட்டி முதல் பள்ளிச் சிறார் வரை பதினொருவர், ஒரு வேனில் விருத்தாசலத்திலிருந்து புறப்பட்டோம். நோக்கம் எளியது. விருத்தாசலத்தின் ஓரமாகச் செல்லும் மணிமுத்தாறு எந்த மலையில் பிறக்கின்றதோ அந்த மலையைப் பார்த்து வரவேண்டும். (நெல்லைச் சீமையில் அணை கட்டப்பெற்றுள்ள மணிமுத்தாறு வேறு. இது மணிமுக்தா என்றும் வழங்கும் நடுநாட்டு ஆறு.) கல்வராயன் மலையில் தோன்றி, அங்கேயே தோன்றும் கோமுகி ஆற்றையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு, விருத்தாசலத்தைக் கடந்து வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையருகே கடலை அடைகின்றது. அதன் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்களாயிருந்தும், வேனில் இருந்த பெரியவர்களுள் ஒருவரேனும் அது பிறக்கும் மலையில் அடி வைத்ததில்லை.

விடியற்காலையில் உளுந்தூர்ப்பேட்டைச் சாலையில் முகாசாபரூர் அருகே கோணான்குப்பத்தில் இறங்கிப் பெரியநாயகி அன்னையின் திருமுன் சற்று நேரம் செபித்தோம். இத்தாலி நாட்டில் 1680இல் பிறந்து, தமிழுக்குத் தேம்பாவணியை ஈந்த வீரமாமுனிவர் எழுப்பிய கோவில் இது. நம் வாசகர்கள் பலர் கண்ட தலமாதலின் இங்கு விரிக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். இவ்வன்னைக்கு அம்முனிவர் சூட்டிய பெயர், விருத்தாசலத்துச் சிவன் கோவிலில் அம்மனுக்கு வழங்கும் அதே பெயர். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் இம்மண்ணின் பெயரை எடுத்து இம்மண்ணின் சேலையுடுத்திய அன்னைக்கு வைத்தார் என்பதைப் பிள்ளைகளிடம் சொன்னபோது, பாட்டியே அதை அன்றுதான் அறிந்ததாகக் கூறினார்.

உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து நேராக மேற்கே திரும்பினால் மலைக்கு வழி. நாம் வேண்டுமென்றே வடக்கே திரும்பினோம். சென்னை செல்லும் நெடுஞ்சாலையில் சிறிது தூரம் சென்று, மடப்பட்டுக்கு முன்பாகவே சாலையை விட்டு விலகினால் திருநாவலூர். "மலைக்குப் போகிறோம் என்றீர்களே" என்று சிறுவர்கள் முகம் சுளித்தனர். ஆனால் அந்த ஆற்றின் கதை ஒன்று இவ்வூரில்தான் தொடங்குகின்றது.

சைவ சமயக் குரவர் நால்வருள் ஒருவராகிய சுந்தரர் பிறந்த ஊர் திருநாவலூர். அவருடைய தந்தையார் சடையனார், தாயார் இசைஞானியார். திருமுனைப்பாடி நாட்டை ஆண்ட நரசிங்க முனையரையர் அவரை மகனாக ஏற்று வளர்த்தார் என்பர். இம்மூவரும் சுந்தரரும் அறுபத்துமூன்று நாயன்மார்களுள் எண்ணப்படுவோர். ஒரே ஊரோடு தொடர்புடைய நால்வர் அவ்வரிசையில் இடம்பெறுவது எளிதில் காணக்கூடியதன்று. சுந்தரரின் திருமண நாளில் நடந்ததாகச் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் வழக்கைக் கோவில் மண்டபத்து நிழலில் அமர்ந்து பிள்ளைகளுக்குச் சொன்னோம்.

மணப்பந்தலில் ஒரு முதியவர் வந்து, "இவன் எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதித் தந்த ஓலை என்னிடம் இருக்கின்றது" என்கிறார். மணமகன் சினந்து அந்த ஓலையைப் பறித்துக் கிழித்துவிடுகின்றார். முதியவரோ கலங்கவில்லை. கிழிந்தது படியோலைதான்; மூல ஓலை வேறாக இருக்கின்றது என்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகின்றது. அவையினர் மூல ஓலையை வாங்கிப் படிக்கின்றனர். படித்ததோடு நில்லாமல், பாட்டனார் தம் கையால் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டு எழுத்தும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பார்த்தபின்னரே தீர்ப்புச் சொல்கின்றனர். முதியவராய் வந்தது இறைவனே என்பது கதையின் முடிவு.

"அந்தக் காலத்திலேயே நகல் எடுத்து வைத்திருந்தார்களா, தாத்தா?" என்று கேட்டான் ஏழாம் வகுப்பு படிக்கும் பையன். ஆம், நகலும் இருந்தது, மூலமும் இருந்தது, கையெழுத்தை ஒப்பிடும் முறையும் இருந்தது. பக்திக்காகப் படிப்போர் பக்தியைக் காணட்டும். சட்டம் படித்தவர்கள் அதில் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டில் ஆவணம் எவ்வாறு மதிக்கப்பட்டது என்பதையும் காணலாம். ஓலையால் ஒருவர் ஆளாக்கப்பட்ட இக்கதையை வாசகர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். மலைமேல் மீண்டும் அதனிடம் வருவோம்.

ஆற்றின் கதைக்கு வருவோம். சுந்தரர் விருத்தாசலத்தில், அன்றைய திருமுதுகுன்றத்தில், இறைவனிடம் பன்னீராயிரம் பொன் பெற்றார். அதை வழியில் சுமந்து செல்லாமல் மணிமுத்தாற்றில் இட்டுவிட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பது பெரியபுராணச் செய்தி. "ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவதா" என்று நம் பாட்டிமார் சொல்லும் பழமொழியை இக்கதையோடு இணைத்துச் சொல்வர். வேனில் வந்த பாட்டி இதைக் கேட்டதும், தம் வாழ்நாளில் எத்தனை முறை தம் கணவரை நோக்கி அதைச் சொல்லியிருப்பார் என்று கணக்கிடத் தொடங்கிவிட்டார்.

அக்கோவிலுக்கு வேறொரு வரலாறும் உண்டு. முதற்பராந்தக சோழனின் மகன் இராசாதித்தன் வடக்கேயிருந்து வரும் படையெடுப்பை எதிர்நோக்கி இப்பகுதியில் படையோடு தங்கியிருந்தான். இவ்வூர் இராசாதித்தபுரம் என்றும் கல்வெட்டுகளில் வழங்கப்பெற்றது. 949இல் தக்கோலப் போரில் யானைமேல் இருந்தவாறே அவன் வீழ்ந்தான். ஓர் இளவரசன் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த இடத்தில் இன்று ஆடுகள் மேய்கின்றன. கோவிலைச் சுற்றி அமைதி.

உளுந்தூர்ப்பேட்டைக்குத் திரும்பி, சேலம் செல்லும் நாற்கரச் சாலையில் மேற்கே சென்றால் தியாகதுருகத்துப் பாறைக்குன்று தொலைவிலேயே தெரியும். பிள்ளைகள் காத்திருந்த ஏற்றம் இதுதான். பெரியோர் கீழேயே நிழல் பார்த்து அமர, இளையோர் மட்டும் ஏறினோம். வெயில் ஏறுமுன் ஏறுவதே நலம். பாறை சுட்டுவிட்டால் இறங்குவது துன்பம். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் கருநாடகப் போர்களில் மாறி மாறிப் பிடித்த கோட்டை இது. புதுச்சேரி வீழ்ந்த 1761இல் இதுவும் ஆங்கிலேயர் வசமாயிற்று. உச்சியில் பழைய பீரங்கி கிடக்கின்றது. அதன்மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்ளாத இளைஞர் இல்லை போலும். பாறையெங்கும் பெயர்களும் அம்பு துளைத்த இதயங்களும் வண்ணத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. ஓலையைக் காப்பில் வைத்துப் போற்றிய நாட்டில் கோட்டையை இப்படியா வைப்பது என்று வருந்தினோம். மேலிருந்து மேற்கே பார்த்தால் நீலக் கோடாகக் கல்வராயன் மலை. "அதுவா?" என்றாள் ஒரு சிறுமி. அதுதான்.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26ஆம் நாள் முதல் தனி மாவட்டத்தின் தலைநகர். அதுவரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. அதற்கு முன் தென்னார்க்காடு. இவ்வூர் மரச்சிற்பங்களுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கின்றது. ஒரு பட்டறையில் நின்று, வாகை மரத்துண்டு ஒன்றிலிருந்து உருவம் ஒன்று மெல்ல வெளிப்படுவதைப் பிள்ளைகள் வாய்திறந்து பார்த்தனர்.

ஆயினும் கள்ளக்குறிச்சி என்றவுடன் நாட்டினர் நினைவுக்கு வருவது சிற்பமன்று. 2024 ஜூன் மாதத்தில் இந்நகரின் கருணாபுரம் பகுதியில் நச்சுச் சாராயம் அருந்தி 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கொன்றது மெத்தனால் என்னும் ஆலைப்பொருள். ஆனால் பேச்சு எங்கெங்கோ சென்று, "மலையில் காய்ச்சுகிறார்கள்" என்று மலைமக்கள் அனைவர்மேலும் வந்து விழுந்தது. கல்வராயன் மலையில் கள்ளச்சாராயம் காய்ச்சுவோர் இருந்தனர் என்பது மறைக்கக்கூடியதன்று. ஆனால் சிலர் செய்த தொழிலுக்காக ஒரு மலையையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நேர்மையாகுமா? அவ்வாண்டிலேயே சென்னை உயர்நீதிமன்றம் மலைமக்களின் வாழ்க்கை நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டு, அங்குச் சாலையும் பள்ளியும் மருத்துவமும் எவ்வாறிருக்கின்றன என்று அரசை வினவிற்று. அதுவே சரியான கேள்வி என்பது நம் எண்ணம்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் சென்று, கோமுகி அணையருகே கட்டுச்சோற்றைப் பிரித்தோம். புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும். 46 அடி கொள்ளும் சிறிய அணைதான். பெரிய அணைகளைக் கண்டவர்களுக்கு வியப்பளிக்காது. ஆனால் நீர்ப்பரப்புக்குப் பின்னே மலைகள் அடுக்கடுக்காய் நிற்கும் காட்சிக்கு நிகரில்லை. இங்கிருந்து மலைப்பாதை தொடங்குகின்றது. வளைவுகளில் வயிறு புரட்டும் குழந்தைகளுக்கு எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுங்கள். புறப்படுமுன் வயிறு நிறைய ஊட்டாதீர்கள். இவ்வறிவுரையை அணையருகே நாமே பின்பற்றவில்லை என்பதை இரண்டாவது வளைவில் பின்னிருக்கையினர் நினைவூட்டினர்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய கல்வராயன் மலை இன்று கள்ளக்குறிச்சி, சேலம் முதலிய மாவட்டங்களுக்குள் பரந்து கிடக்கின்றது. வடபகுதி சின்னக் கல்வராயன், தென்பகுதி பெரிய கல்வராயன். உதகையைப் போன்ற உயரம் இல்லை. 2,000 முதல் 4,000 அடி வரை. ஆதலால் குளிர் இதமானது. பொங்கல் காலத்துக் காலைப்பனி மட்டும் பற்களைச் சற்று அடிக்கச் செய்யும். சாமை, கேழ்வரகு, மரவள்ளி, கடுக்காய், புளி, தேன் இவையே மலையின் செல்வம். மரவள்ளிக்கிழங்கு லாரிகளில் இறங்கி ஆத்தூர், சேலத்து ஆலைகளுக்குச் சென்று ஜவ்வரிசியாகின்றது. நம் வீட்டுப் பாயசத்தில் மிதப்பதில் ஒரு பங்கு இந்தச் சரிவுகளில் விளைந்தது என்பதைப் பாயசம் குடிக்கும் நாம் நினைப்பதில்லை.

வெள்ளிமலை செல்லும் சாலையோரத்திலேயே பெரியார் நீர்வீழ்ச்சி. மேகம் அருவிக்கு நடந்தே செல்லவேண்டும். வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னரே இவற்றில் நீர் நிறைந்திருக்கும்; கோடையில் போய்ப் பாறையைப் பார்த்துத் திரும்புவோர் பலர். மழை வலுக்கும் நாள்களில் வனத்துறையினர் குளிக்கத் தடை விதிக்கின்றனர். அத்தடையை மீறும் துணிச்சல் வீரமன்று. மேலே எங்கோ பெய்த மழை கீழே வெயிலடிக்கும்போதே வெள்ளமாய் இறங்கும். பாசி படிந்த பாறையில் செருப்பின்றி, குழந்தையின் கையைப் பிடித்தே நடக்கவேண்டும். நம்மை வருத்தியது வழுக்கும் பாறையன்று. பாறையிடுக்குகளில் கிடந்த உடைந்த மதுப்புட்டிகள். இவற்றை மலைமக்கள் கொண்டுவந்து போடவில்லை. நம்மைப் போல் வேன்களில் வருவோர் விட்டுச் சென்றவை அவை. அவர்களைச் சாராயத்துக்காகப் பழிக்கும் நாடு, தன் புட்டிகளை அவர்கள் அருவியில் உடைக்கின்றது.

இம்மலையில் வாழ்வோர் 'மலையாளி' என்னும் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தார் என்று எண்ணிவிடலாகாது. மலையில் வாழ்வோர் என்பதே பொருள், பேசுவது தமிழே. காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பியர் புறப்பட்டு வெவ்வேறு மலைகளில் குடியேற, அவர்கள் வழிவந்தவர்களே தாங்கள் என்பது இவர்களிடையே வழிவழியாக வழங்கும் கதை.

தென்னார்க்காட்டைச் சேர்ந்த மலைப்பகுதி நெடுங்காலம் மூன்று ஜாகிர்களாய் இருந்தது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் பட்டப்பெயர் தாங்கிய மூவர் அவற்றை ஆண்டனர். நவாபு போனார், கம்பெனி வந்தது, கம்பெனி போய் அரசி ஆட்சி வந்தது, 1947இல் நாடு விடுதலை பெற்றது. சமவெளியில் இவையெல்லாம் நடந்தபோதும் மலையில் அம்மூவர் ஆளுகை தொடர்ந்தது. 1976இல்தான் அரசு இம்மலையை நேரடியாகத் தன் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது. இதைப் படிப்போருள் பலர் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். சுதந்திர நாள் மிட்டாய்க்காக நாம் வரிசையில் நின்ற ஆண்டுகளில், நம் ஆறு பிறக்கும் மலையில் வரி சென்றது ஜாகிர்தாரிடம். கொத்தடிமை முறையை நாடு முழுதும் ஒழிக்கும் சட்டம் இயற்றப்பட்டதும் அதே 1976இல்தான்.

இப்போது திருநாவலூர் ஓலையை நினைவுகூரலாம். சுந்தரரைப் பாட்டனார் எழுதிய ஓலை ஒன்று ஆளாக்கிற்று. மலைமக்களுக்கோ ஓலை இல்லாமையே விலங்காயிற்று. தலைமுறை தலைமுறையாய் உழுத நிலத்துக்குப் பட்டா என்று காட்ட ஒரு தாளும் கையில் இல்லாதவன், வந்தவன் எவனாயினும் அவனுக்கு விடைகூற இயலாமல் நிற்பான். காட்டில் வழிவழியாக வாழ்வோரின் உரிமையை ஏற்கும் வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தது. சட்டம் வந்ததாலேயே எல்லார் கைக்கும் தாள் வந்துவிட்டதாகாது. எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டுக்கு ஒன்று இருந்தால்தான் அந்தத் தாளைக் கேட்டுப் பெறவும் முடியும்; பெற்றதைக் காக்கவும் முடியும். அதனால்தான் மலைப்பள்ளிகளைப் பற்றிய செய்தி நமக்கு அருவிகளைப் பற்றிய செய்தியைவிடப் பெரிதாய்த் தோன்றுகின்றது.

வெள்ளிமலை இன்று தனி வட்டத்தின் தலைமையிடம். கடைகளும் அலுவலகங்களும் பேருந்தும் உண்டு. அவ்வூரைக் கடந்து சற்றுத் தொலைவில், சாலையோரத்தில் சாக்கை விரித்துக் கடுக்காயும் புளியும் தேனும் வைத்துக்கொண்டு ஓர் அம்மையார் அமர்ந்திருந்தார். வேன் நின்றது. நம்முடன் வந்த பெண்கள் இறங்கியதுமே, சந்தையில் பழகிய வழக்கப்படி, விலையைக் குறைக்கத் தொடங்கினர். பாட்டி குறுக்கிட்டார். "விடுதியில் ஆயிரமாயிரமாய்க் கொடுக்கையில் வாய் திறக்க மாட்டீர்கள், இங்கே பத்து ரூபாய்க்கு வழக்காடுகிறீர்களே" என்றார். பேரம் நின்றது.

அம்மையார் சிரித்துக்கொண்டே, "எந்த ஊருங்க?" என்றார்.

"விருத்தாசலம் பக்கம், அம்மா."

"தெரியுங்க. அந்தப் பக்கம் கரும்பு வெட்ட வந்திருக்கோம். கருவேப்பிலங்குறிச்சி, பெண்ணாடம் எல்லாம் போயிருக்கேன்." சற்று நேரம் நம் வேனையும் குழந்தைகளையும் பார்த்தார். "நீங்க இப்பத்தான் மொதல்ல வரீங்களா?"

"ஆமாம், அம்மா" என்றோம். வேறென்ன சொல்ல இயலும்? ஆண்டுதோறும் பல குடும்பங்கள் மலையைவிட்டு இறங்கி, கரும்பு வெட்டவும், கேரளத்திலும் கருநாடகத்திலும் மிளகு, காப்பித் தோட்டங்களில் உழைக்கவும் செல்கின்றன. குழந்தைகளும் உடன் செல்வதால் படிப்பு நடுவில் அறுந்துபோகின்றது. நம் வயல்களின் பெயரும் நம் ஊர்களின் பெயரும் அவர்கள் நாவில் இருக்கின்றன. அவர்கள் ஊர்ப்பெயர் ஒன்றேனும் நமக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் தம் ஊர்ப்பெயரைச் சொன்னார். சிறுமி தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். அடுத்த பருவத்தில் கரும்பு வெட்ட வந்தால் வீட்டுக்கு வரவேண்டுமென்று பாட்டி தெருவின் பெயரைச் சொல்லி, தேவாலயத்துக்கு எதிர்ச்சந்து என்று அடையாளமும் கூறினார். "வரேங்க" என்றார் அவர். வாங்கிய தேனோடு ஒரு பிடி கடுக்காயைக் கூடுதலாகப் பையில் போட்டார்; அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

கரியாலூரில் பிள்ளைகள் படகேறி ஆடித் தீர்த்தபின், மாலை நான்கு மணிக்கே இறங்கத் தொடங்கினோம். செல்ல விரும்பும் குடும்பங்களும் அவ்வாறே செய்வது நலம். இருட்டியபின் பனிமூட்டத்தில் வளைவுகள் தெரியா. குடிநீரைக் கீழிருந்தே எடுத்துச் செல்லுங்கள். பெண்களுக்கு வேண்டிய கழிப்பறை வசதி வெள்ளிமலையை விட்டால் அரிது. வேனில் ஒரு வெற்றுச் சாக்கு இருக்கட்டும்; நம் குப்பை நம்மோடு இறங்கிவிடும். கச்சிராயபாளையம் வந்து சேர்ந்தபோது கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் சாலையோரம் வரிசையாய் நின்றிருந்தன. சிறுமி குறிப்பேட்டைத் திறந்து, ஓட்டுநரிடம், அந்த அம்மையார் ஊருக்குப் பேருந்து உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.